ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்: பக்கம் பிரியாதபோது, கதவு பூட்டாதபோது, பதில் உருமாறி வரும்போது

பைத்தானின் ஜாங்கோவில் ஏபிஐ எழுத உதவும், டிஆர்எஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கில் மோசமான கோளாறுகள் சத்தம் போடாதவை. செட்டிங்ஸ் ஃபைலில் உள்ள ரெஸ்ட்_ஃப்ரேம்வொர்க் டிக்‌ஷனரியில் ஒரு பெயரில் ஓர் எழுத்து பிசகினால் எர்ரர் வராது. அந்த வரியே இல்லாததுபோல சர்வர் எழுந்து ஓடும். "செட்டிங்ஸில் எழுதியிருக்கிறேனே" என்பது இங்கே எதற்கும் ஆதாரம் ஆகாது.

கீழே ஒரு நூலகத்தின் நூல் பட்டியல் ஏபிஐயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அடிக்கோடு சேர்ந்து வரும் பெயர்கள் கோடில் உள்ள பெயர்கள். செட்டிங்ஸ் பெயர்களை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் மேனேஜ்.பை ஷெல்லைத் திறந்து, ரெஸ்ட்_ஃப்ரேம்வொர்க்.செட்டிங்ஸிலிருந்து ஏபிஐ_செட்டிங்ஸை இம்போர்ட் செய்து, சந்தேகத்துக்குரிய செட்டிங்கைப் பிரிண்ட் செய்து பாருங்கள். அடுத்து, சிக்கல் தரும் வியூ கிளாஸின் பேஜினேஷன்_கிளாஸ் (பக்கம் பிரிப்பது), பெர்மிஷன்_கிளாசஸ் (அனுமதி), ரெண்டரர்_கிளாசஸ் (பதிலின் வடிவம்) மூன்றையும் பாருங்கள். பாதிக் கோளாறுகள் இங்கேயே பிடிபடும். மீதிக்கு, ஒரு ரிக்வெஸ்ட் உள்ளே எந்த வரிசையில் நகர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பதிலை எந்த வடிவில் தருவது என்ற தேர்வு முதலில் நடக்கும். பிறகு வெர்ஷன், பிறகு வந்தவர் யார் என்ற அடையாளம், பிறகு அனுமதி, பிறகு த்ராட்டில் எனும் ரிக்வெஸ்ட் எண்ணிக்கைக் கட்டுப்பாடு. இவ்வளவும் தாண்டிய பிறகுதான் நீங்கள் எழுதிய கெட், போஸ்ட் ஃபங்ஷன்களுக்கு முறை வரும். கேட்ட வடிவில் பதில் தர முடியாது என்னும் 406 வந்தால் அனுமதிச் சோதனை வரை ரிக்வெஸ்ட் போகவே இல்லை என்று அர்த்தம். பெர்மிஷன் கோடைக் கிளறுவது வீண்.

பட்டியல் மொத்தமாகக் கொட்டுகிறது, பக்கம் பிரியவே இல்லை

டிஃபால்ட்_பேஜினேஷன்_கிளாஸ், பேஜ்_சைஸ் இரண்டுக்குமே ஆரம்ப மதிப்பு நன், அதாவது ஒன்றுமில்லை. இரண்டையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். பேஜ்_சைஸ் மட்டும் கொடுத்து கிளாஸை விட்டுவிட்டால், மேனேஜ்.பை செக் ஓட்டும்போது டபிள்யூ001 என்ற எச்சரிக்கை வரும். தலைகீழாக, கிளாஸைக் கொடுத்து அளவை விட்டுவிட்டால் அந்த எச்சரிக்கைகூட வராது. பேஜ்நம்பர்பேஜினேஷன் அளவைத் தேடும், கிடைக்காது, நன்னைத் திருப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வியூ முழுப் பட்டியலையும் அனுப்பிவிடும். டெவலப்மென்ட் டேட்டாபேஸில் 12 நூல்கள் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது.

இரண்டும் சரியாக இருந்தும் பிரியவில்லையா? வியூ எதிலிருந்து பிறந்தது என்று பாருங்கள். ஜெனரிக் வியூக்களும் மாடல் வியூசெட்டும் தரும் லிஸ்ட் ஃபங்ஷனுக்குள் மட்டுமே பக்கம் பிரிப்பது தானாக நடக்கும். வெறும் ஏபிஐவியூவில் நடக்காது. வியூசெட்டில் நீங்களே ஆக்‌ஷன் டெக்கரேட்டர் போட்டு எழுதிய ஃபங்ஷனிலும் நடக்காது. ஆனால் பலர் நடக்கும் என்றே நம்பியிருக்கிறார்கள். அந்த ஃபங்ஷனுக்குள் மூன்று வேலைகளை நீங்களே செய்ய வேண்டும். செல்ஃப்.பேஜினேட்_குவெரிசெட்டை அழைத்து வரும் பக்கத்தை ஒரு வேரியபிளில் பிடியுங்கள். அது நன் இல்லையென்றால், அந்தப் பக்கத்தை மெனி=ட்ரூ கொடுத்து, மாடல் ஆப்ஜெக்ட்டை எளிய டேட்டாவாக மாற்றும் சீரியலைசருக்கு அனுப்புங்கள். பிறகு சீரியலைசரின் டேட்டாவை செல்ஃப்.கெட்_பேஜினேட்டட்_ரெஸ்பான்ஸ் வழியாகத் திருப்புங்கள். கடைசி அடியை விட்டுவிட்டு சாதாரண ரெஸ்பான்ஸில் கொடுத்தால், பேஜ்_சைஸ் 20 என்றால் 20 நூல்கள் வரும், ஆனால் அடுத்த பக்கத்தின் லிங்க் இருக்காது.

பேஜினேஷனை இயக்கிய அன்றே முன்பக்கத்தில் "மேப் என்பது ஃபங்ஷன் அல்ல" என்று ஜாவாஸ்கிரிப்ட் விழுந்தால் அது ஏபிஐயின் கோளாறு அல்ல. இதுவரை லிஸ்டாக வந்த பதில் இப்போது கவுண்ட், நெக்ஸ்ட், ப்ரீவியஸ், ரிசல்ட்ஸ் என்ற நான்கு சாவிகளோடு வருகிறது. முன்பக்கம் ரிசல்ட்ஸை எடுக்க வேண்டும். மாவட்டப் பெயர்கள் போன்ற சின்னப் பட்டியலுக்குப் பக்கமே வேண்டாம் என்றால் அந்த வியூவில் மட்டும் பேஜினேஷன்_கிளாஸ் = நன் என்று எழுதுங்கள்.

50 கேட்டாலும் 20தான் வருகிறது

பேஜ்நம்பர்பேஜினேஷனில் பேஜ்_சைஸ்_குவெரி_பாராம் என்பதன் ஆரம்ப மதிப்பு நன். அதாவது அளவைக் கேட்டு வாங்கும் உரிமையை நீங்கள் இன்னும் கிளையன்ட்டுக்குக் கொடுக்கவில்லை; யூஆர்எல்லில் எதைச் சேர்த்தாலும் அது கண்டுகொள்ளாது. ஒரு சப்கிளாஸ் எழுதி அந்தப் பெயரைக் கொடுங்கள். கூடவே மேக்ஸ்_பேஜ்_சைஸையும் கொடுத்தே தீர வேண்டும். விட்டால் யாராவது ஒருநாள் 1000000 கேட்பார், சர்வரும் மறுக்காமல் அனுப்ப முயலும். உச்சவரம்பு 100 இருக்கும்போது 500 கேட்டால் எர்ரர் வராது, 100 மட்டும் வரும். பூஜ்யமோ எழுத்தோ கொடுத்தால் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடும்.

டெஸ்ட்டில் ஓவர்ரைடு_செட்டிங்ஸ் போட்டுப் பேஜ்_சைஸை 2 ஆக்கினாலும் மாறாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. பேஜினேஷன் கிளாஸ் அந்த மதிப்பைக் கிளாஸ் ஆட்ரிபியூட்டாக இம்போர்ட் நேரத்திலேயே படித்து வைத்துவிடுகிறது. டெஸ்ட்டில் அந்தக் கிளாஸின் பேஜ்_சைஸ் ஆட்ரிபியூட்டையே பேட்ச் செய்யுங்கள்.

ஒரே நூல் இரண்டு பக்கங்களில் வருகிறது, வேறொன்று எதிலுமே இல்லை

குவெரிசெட்டில் வரிசையே இல்லையென்றால் ஜாங்கோ அன்ஆர்டர்டு ஆப்ஜெக்ட் லிஸ்ட் எச்சரிக்கையை லாகில் எழுதும். பலர் ஆர்டர்_பை ஒன்றைச் சேர்த்து எச்சரிக்கை மறைந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். முடியவில்லை.

சேர்த்த தேதி என்ற வெறும் தேதிப் புலத்தால் வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 300 நூல்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. அந்த 300க்கும் தேதி ஒன்றே. முதல் பக்கம் கேட்கும்போது டேட்டாபேஸுக்கு "முதல் 20 கொடு" என்று ஒரு குவெரி போகிறது. இரண்டாம் பக்கத்துக்கு "20ஐத் தாண்டி அடுத்த 20 கொடு" என்று தனியாக இன்னொன்று. சமமாக உள்ள வரிகளை இரண்டு முறையும் ஒரே வரிசையில் தருவேன் என்று போஸ்ட்கிரெஸ் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. 18ஆவதாக வந்த நூல் அடுத்த குவெரியில் 27ஆவதாக விழலாம். வரிசை என்று ஒன்று இருப்பதால் ஜாங்கோவின் எச்சரிக்கையும் வராது. தீர்வு ஒரு சொல்தான்: தேதிக்குப் பின்னால் ஐடியையும் வரிசையில் சேருங்கள். ஆர்டரிங்ஃபில்டர் வைத்து கிளையன்ட்டையே வரிசை கேட்க விட்டிருந்தால், அவர் விலையால் வரிசைப்படுத்தும்போதும் இதே சிக்கல் வரும். ஃபில்டர் கிளாஸின் கெட்_ஆர்டரிங்கை மாற்றி எழுதி, கடைசியில் ஐடி ஒட்டிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

ஐடி சேர்த்தும் மீண்டும் மீண்டும் வருகிறது என்றால், ஒருவர் பக்கம் புரட்டும் நேரத்தில் புதிய நூல்கள் மேலே சேர்ந்துகொண்டிருக்கின்றன. எண்ணி நகரும் முறையில் இதைத் தடுக்க முடியாது. எண்ணாமல், கடைசியாகப் பார்த்த வரியின் இடத்திலிருந்து தொடரும் கர்சர்பேஜினேஷனுக்கு மாறுங்கள். மாறியதும் "கிரியேட்டட் என்ற புலம் இல்லை" என்று ஃபீல்டு எர்ரர் வந்தால் திகைக்க வேண்டாம். அதன் ஆரம்ப வரிசை மைனஸ் கிரியேட்டட். உங்கள் மாடலில் அந்தப் பெயரில் புலம் இல்லை. சப்கிளாஸில் ஆர்டரிங்கை நீங்களே எழுதுங்கள். வெற்றாக இருக்க முடியாத, சேர்த்த பின் மாறாத, கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று வேறான புலமாக அது இருக்க வேண்டும். திருத்திய நேரத்தைக் கொடுத்தால், நூல் திருத்தப்படும்போதெல்லாம் இடம் மாறி மறுபடி குழப்பும்.

கர்சர் முறையில் மொத்த எண்ணிக்கை வராது, நேராக 7ஆம் பக்கத்துக்குத் தாவவும் முடியாது. கோடிக்கணக்கான வரிகள் உள்ள டேபிளில் இதுவே லாபம்: பேஜ்நம்பர் முறை ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் கவுண்ட் குவெரி ஒன்றை ஓட்டுகிறது, பட்டியல் மெதுவாவதற்கு அடிக்கடி அதுவே காரணம்.

நெக்ஸ்ட் லிங்க் எச்டிடிபி என்று வருகிறது

தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்கிறது, அடுத்த பக்க லிங்க் மட்டும் எஸ் இல்லாமல் வருகிறது. பிரவுசர் அதைத் தடுக்கிறது. முன்னால் ப்ராக்ஸியாக நிற்கும் என்ஜின்எக்ஸ் வரைதான் எச்டிடிபிஎஸ். அதற்கு உள்ளே ஜாங்கோவுக்கு வருவது வெறும் எச்டிடிபி. அது தனக்குத் தெரிந்ததை வைத்து லிங்க் கட்டுகிறது. என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரில் ஸ்கீமையும், ஹோஸ்ட் ஹெடரில் உண்மையான ஹோஸ்ட்டையும் அனுப்பச் சொல்லுங்கள். ஜாங்கோவில் செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடரை அதற்கேற்ப நிரப்புங்கள். ப்ராக்ஸி இந்த ஹெடரைக் கட்டாயம் தானே எழுத வேண்டும். வெளியிலிருந்து வருவதை அப்படியே உள்ளே விட்டால், யார் வேண்டுமானாலும் எச்டிடிபிஎஸ் என்று பொய் சொல்லலாம்.

டோக்கன் இல்லாமலே எல்லாரும் உள்ளே வருகிறார்கள்

டிஃபால்ட்_பெர்மிஷன்_கிளாசஸ் எழுதப்படாவிட்டால் ஆரம்ப மதிப்பு அலவ்எனி. யாருக்கும் தடையில்லை. பெர்மிஷன் என்பதைப் பெர்மிஷன்ஸ் என்று ஓர் எஸ் கூட்டி எழுதினாலும் எழுதாததாகவே கொள்ளப்படும், பூட்டு திறந்தே கிடக்கும். செட்டிங்ஸ் ஃபைல் நீளமாகி, ரெஸ்ட்_ஃப்ரேம்வொர்க் டிக்‌ஷனரி இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தாலும் இதே கதை: கீழே உள்ளது மேலே உள்ளதை முழுதாக அழித்துவிடும், இரண்டும் கலக்காது.

செட்டிங்ஸ் சரியாக இருந்து ஒரு வியூ மட்டும் திறந்திருந்தால், அந்த வியூவின் பெர்மிஷன்_கிளாசஸைப் பாருங்கள். வியூவில் எழுதுவது செட்டிங்ஸில் உள்ளதோடு சேராது. அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஈஸ்ஓனர் என்று உங்கள் கிளாஸ் ஒன்றை மட்டும் போட்டால் ஈஸ்ஆத்தென்டிகேட்டட் போய்விட்டது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் எழுதுங்கள்.

ஃபங்ஷன் வியூ என்றால் டெக்கரேட்டர்களின் வரிசையைப் பாருங்கள். ஏபிஐ_வியூ மேலே, பெர்மிஷன்_கிளாசஸ் அதற்குக் கீழே. மாற்றிப் போட்டால் பல பதிப்புகளில் ஒரு முனகல்கூட இல்லாமல் உங்கள் பெர்மிஷன் கைவிடப்படும்.

அடுத்தவர் நூலையும் திருத்த முடிகிறது

ஒரு குறிப்பிட்ட நூலுக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் ஹேஸ்_ஆப்ஜெக்ட்_பெர்மிஷன் எழுதியாயிற்று, உள்ளே பிரிண்ட் போட்டால் அச்சாகவே இல்லை. காரணம், அதை அழைப்பது கெட்_ஆப்ஜெக்ட் மட்டுமே. கெட்_ஆப்ஜெக்ட்டை நீங்கள் மாற்றி எழுதியிருந்தாலோ, ஏபிஐவியூவில் மாடலிலிருந்து நேரே எடுத்தாலோ, செல்ஃப்.செக்_ஆப்ஜெக்ட்_பெர்மிஷன்ஸை ரிக்வெஸ்ட்டும் ஆப்ஜெக்ட்டும் கொடுத்து நீங்களே அழைக்க வேண்டும்.

பட்டியலில் ஆப்ஜெக்ட் அனுமதி எப்போதுமே ஓடாது. ஒவ்வொரு வரிக்கும் சோதித்தால் தாங்காது. அங்கே வடிகட்ட வேண்டிய இடம் கெட்_குவெரிசெட். புதிதாகச் சேர்க்கும்போதும் ஓடாது, ஏனென்றால் சோதிக்க ஆப்ஜெக்ட்டே இன்னும் இல்லை, பெர்ஃபார்ம்_கிரியேட்டில் பாருங்கள். கெட்_குவெரிசெட்டில் வடிகட்டிய பிறகு அடுத்தவர் நூலைக் கேட்டால் 403க்குப் பதில் 404 வரும். அது நல்லதே. அப்படி ஒரு நூல் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஈஸ்ஓனர், ஈஸ்அட்மின்யூசர் இரண்டையும் "அல்லது" குறியால் இணைத்திருந்தால் டிஆர்எஃப் பதிப்பைச் சரிபாருங்கள். ஈஸ்அட்மின்யூசருக்குச் சொந்தமாக ஆப்ஜெக்ட் சோதனை கிடையாது. அடிப்படை கிளாஸின் சோதனை எல்லாருக்கும் ட்ரூ சொல்லும். பழைய பதிப்புகளில் அந்த ட்ரூவே முழுச் சோதனையையும் தாண்டவைத்துவிடும். மேம்படுத்த முடியாவிட்டால் ஒரே கிளாஸில் இரண்டு நிபந்தனைகளையும் எழுதுங்கள். ஈஸ்அட்மின்யூசர் பார்ப்பது ஈஸ்_ஸ்டாஃப் கொடியை, சூப்பர்யூசரை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

401 எதிர்பார்த்த இடத்தில் 403

அடையாளம் தெரியாதவருக்கு 401 (யாரென்று நிரூபி) அனுப்புவதா 403 (அனுமதி இல்லை) அனுப்புவதா என்பதைத் தீர்மானிப்பது ஆத்தென்டிகேஷன் பட்டியலில் முதலில் நிற்கும் கிளாஸ். ஆரம்ப வரிசையில் செஷன்ஆத்தென்டிகேஷன் முதலில் இருக்கிறது. அதற்கு டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆத்தென்டிகேட் ஹெடர் தரத் தெரியாது, அதனால் 403. டோக்கன்ஆத்தென்டிகேஷனை முதலில் வையுங்கள், 401 வரும்.

பதிலின் டீட்டெயில் வரியைப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். "சிஎஸ்ஆர்எஃப் ஃபெயில்டு" (வேறு தளம் உங்கள் பெயரில் போலி ரிக்வெஸ்ட் அனுப்பாமல் காக்கும் சோதனையில் தோல்வி) என்று இருந்தால் அனுமதிக் கோடுக்கு அதில் பங்கே இல்லை: அதே பிரவுசரில் அட்மினுக்குள் நுழைந்திருக்கிறீர்கள், செஷன் குக்கியோடு போஸ்ட் போகிறது, எக்ஸ்-சிஎஸ்ஆர்எஃப்டோக்கன் ஹெடர் போகவில்லை. "க்ரெடென்ஷியல்ஸ் தரப்படவில்லை" என்று இருந்தால் டோக்கனை அனுப்பியும் சர்வர் அதைப் பார்க்கவில்லை. டோக்கன்ஆத்தென்டிகேஷன் எதிர்பார்ப்பது "டோக்கன்" என்ற சொல், ஓர் இடைவெளி, பிறகு சாவி. பழக்க தோஷத்தில் "பேரர்" என்று தொடங்கினால் இது தனக்கு வந்ததல்ல என்று விட்டுவிடும். அப்பாச்சியில் மாட்_டபிள்யூஎஸ்ஜிஐ வழியாக ஓட்டினால், ஆத்தரைசேஷன் ஹெடர் ஜாங்கோவை எட்டாமலே போகும். டபிள்யூஎஸ்ஜிஐபாஸ்ஆத்தரைசேஷனை ஆன் செய்யுங்கள்.

இரண்டு டைப்எர்ரர்கள் அடிக்கடி வரும். "பேஸ்பெர்மிஷன்மெட்டாகிளாஸ் இட்டரபிள் அல்ல" என்றால் ஒற்றைக் கிளாஸை அடைப்புக்குறிக்குள் போட்டுக் கமாவை மறந்திருக்கிறீர்கள். "ஹேஸ்_பெர்மிஷனுக்கு வியூ என்ற ஆர்க்யுமென்ட் குறைகிறது" என்றால் கெட்_பெர்மிஷன்ஸிலிருந்து கிளாஸையே திருப்பியிருக்கிறீர்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு இன்ஸ்டன்ஸாகத் திருப்புங்கள்.

கர்லில் சரி, பிரவுசரில் 500

கமாண்ட் லைனிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் எந்த வடிவமும் சரி என்று கேட்கும், அதற்கு ஜேசான் போகும். பிரவுசர் எச்டிஎம்எல் கேட்கும், அதற்குப் பிரவுசபிள் ஏபிஐ எனும் எச்டிஎம்எல் பக்கம் போகும். "ஏபிஐ.எச்டிஎம்எல் டெம்ப்ளேட் இல்லை" என்று விழுந்தால் இன்ஸ்டால்டு_ஆப்ஸில் ரெஸ்ட்_ஃப்ரேம்வொர்க்கைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். பக்கம் வந்து அலங்காரம் மட்டும் இல்லையென்றால் கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டவில்லை, அல்லது ஸ்டாட்டிக் ஃபைல்களை யாரும் பரிமாறவில்லை.

"அக்செப்டட்_ரெண்டரர் வைக்கப்படவில்லை" என்பது சாதாரண ஜாங்கோ ஃபங்ஷனிலிருந்து டிஆர்எஃப் ரெஸ்பான்ஸைத் திருப்பியதால் வருவது. ஏபிஐ_வியூ டெக்கரேட்டர் இல்லை. "ஜேசானாக மாற்ற முடியாது" என்றால் மாடல் ஆப்ஜெக்ட்டைச் சீரியலைசர் வழியாக அனுப்பாமல் நேரே கொடுத்திருக்கிறீர்கள்.

யூஆர்எல் சரி, ஆனாலும் 404

நூல்களை அட்டை வகையால் வடிகட்ட யாரோ ஃபார்மட் என்ற பெயரில் ஒரு குவெரி பாராமீட்டர் வைத்திருப்பார். ஃபார்மட்=பேப்பர்பேக் என்று கேட்டால் 404 வரும். டேட்டாபேஸில் அந்த நூல்கள் இருக்கும், ரூட்டும் சரியாக இருக்கும், லாகில் காரணம் எதுவும் இருக்காது. ஃபார்மட் என்ற பெயரை டிஆர்எஃப் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறது: பேப்பர்பேக் என்ற வடிவில் பதில் தரும் ரெண்டரரைத் தேடுகிறது, இல்லையென்றால் 404. உங்கள் பாராமீட்டரின் பெயரை மாற்றுங்கள். முடியாவிட்டால் யூஆர்எல்_ஃபார்மட்_ஓவர்ரைடை நன் ஆக்குங்கள். இதே தேர்வு அக்செப்ட் ஹெடரில் தோற்றால் வருவதுதான் 406.

தமிழ் எழுத்துகள் சிதைந்து வருகின்றன

டிஆர்எஃப் தன்னளவில் தமிழை நேரான யூடிஎஃப்-8 ஆகவே அனுப்புகிறது. "அறம்" என்ற தலைப்பு பின்சாய்வுக்கோடும் யூவும் எண்களுமாக வந்தால், அந்த வியூ ஜாங்கோவின் ஜேசான்ரெஸ்பான்ஸைப் பயன்படுத்துகிறது, அல்லது யூனிகோட்_ஜேசான் ஃபால்ஸ் ஆக்கப்பட்டிருக்கிறது. பார்க்க அசிங்கமே தவிர தரவு கெடவில்லை. முன்பக்கம் சரியாகவே படிக்கும். மேலே புள்ளியும் கொம்புமான லத்தீன் எழுத்துகளாக வந்தால்தான் உண்மையான சிதைவு. ஜேசான்ரெண்டரர் கன்டென்ட்-டைப்பில் சார்செட் எழுதுவதில்லை. சில பழைய கிளையன்ட்கள் அது இல்லையென்றால் லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும். ஜேசான்ரெண்டரரின் சப்கிளாஸ் ஒன்றில் சார்செட்டை யூடிஎஃப்-8 என்று வைத்து அதையே பயன்படுத்துங்கள்.

விலை 250.00 என்று மேற்கோள்குறிக்குள் சரமாக வருவது பிழை அல்ல, டெசிமல் துல்லியம் போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு. எண்ணாகவே வேண்டுமென்றால் கோயர்ஸ்_டெசிமல்_டு_ஸ்ட்ரிங்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். பணக்கணக்கில் அதைச் செய்யாமலிருப்பதே நல்லது.

சொந்த ரெண்டரர் போட்டதிலிருந்து தொல்லை

எல்லாப் பதில்களையும் ஸ்டேட்டஸ், டேட்டா என்ற உறைக்குள் போடச் சொந்த ரெண்டரர் எழுதுபவர்கள் மூன்று இடத்தில் இடறுகிறார்கள். ஜேசான்ரெண்டரரின் சப்கிளாஸிலிருந்து ஜேசான்.டம்ப்ஸின் சரத்தை அப்படியே திருப்பினால், "ரெண்டரர் யூனிகோட் தந்தது, சார்செட் சொல்லவில்லை" என்ற அசர்ஷன் எர்ரர் வரும். உறையைக் கட்டி சூப்பர்.ரெண்டரிடம் கொடுங்கள், பைட்டாக மாற்றுவதை அது பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, டிலீட்டுக்குப் போகும் 204க்கும் உறை போட்டுவிடுவது. 204க்கு உடலே இருக்கக் கூடாது, டேட்டா நன் என்றால் தொடாமல் விடுங்கள். மூன்றாவது, எர்ரர் பதிலையும் "வெற்றி" என்ற உறையில் அனுப்புவது. ரெண்டரர்_கான்டெக்ஸ்ட்டில் ரெஸ்பான்ஸ் இருக்கிறது. அதன் ஸ்டேட்டஸ்_கோடைப் பார்த்து உறையை மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தும் 500 எர்ரர் மட்டும் எச்டிஎம்எல்லாக வரும். எதிர்பாராத எக்செப்ஷன்களை டிஆர்எஃப் கையாள்வதில்லை, ஜாங்கோவிடம் விட்டுவிடும். உங்கள் ரெண்டரர் வரை அது வரவே வராது. ரூட் யூஆர்எல் ஃபைலில் ஹேண்ட்லர்500க்கு ரெஸ்ட்_ஃப்ரேம்வொர்க்.எக்செப்ஷன்ஸ்.சர்வர்_எர்ரரைக் கொடுங்கள். டீபக் ஃபால்ஸ் ஆக இருக்கும்போதுதான் இது வேலை செய்யும்.

ஜேசான் நொடியில், பிரவுசர் பக்கம் அரை நிமிடம்

பிரவுசபிள் பக்கம் கீழே ஒரு போஸ்ட் படிவத்தையும் வரைகிறது. நூலுக்கு ஆசிரியர் ஃபாரின் கீ என்றால், ஆசிரியர்களை எல்லாம் கீழிறங்கு பட்டியலில் அடுக்குகிறது. ஆரம்ப வரம்பு 1000 பேர். ஆசிரியர் மாடலின் __எஸ்டிஆர்__ உள்ளே பதிப்பகத்தின் பெயரையும் சேர்த்திருந்தால், ஒரு பக்கத்துக்கு 1000 கூடுதல் குவெரிகள். ஜாங்கோ டீபக் டூல்பார் வைத்தால் ஒரே குவெரி வரிசையாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்தப் புலத்தின் ஸ்டைலில் பேஸ்_டெம்ப்ளேட்டுக்கு இன்புட்.எச்டிஎம்எல் கொடுத்தால் பட்டியல் போய் வெறும் பெட்டி வரும். புரொடக்‌ஷனில் டிஃபால்ட்_ரெண்டரர்_கிளாசஸில் ஜேசான்ரெண்டரரை மட்டும் விட்டுவிடுங்கள். படிவமும் வராது, குவெரிகளும் ஓடாது.